ஒரே அறிகுறி, எதிரெதிர்க் காரணங்கள்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கோளாறு நீக்கும் வழிமுறை

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வரும் கோளாறுகளுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. ஒரே அறிகுறிக்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்றைத் தீர்க்கும் மருந்து மற்றொன்றை முற்றவைக்கும். படியவைக்கும் தொட்டியான கிளாரிஃபயரிலிருந்து, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்த் திரளான கசடு வழிகிறதா? கசடு மிகுந்துபோனதாலும் இருக்கலாம். அளவு சரியாக இருந்தும் படியாமல் உப்பிப்போனதாலும் இருக்கலாம். நுரை பொங்குகிறதா? கசடு இளசாக இருப்பதாலும் இருக்கலாம், கிழடு தட்டிப்போனதாலும் இருக்கலாம். பதற்றத்தில் வால்வைத் திருப்புகிறவர் பாதி நேரம் தவறான பக்கமே திருப்புவார். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களைப் பிரித்துக் காட்டும் சோதனையை முதலில் சொல்கிறேன். திருத்தம் அதற்குப் பிறகுதான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டு நகரங்களில் நன்கு பழகிய அமைப்பு. பாதாளச் சாக்கடை நீர் சல்லடை, மணல் பிரிக்கும் தொட்டி, காற்றூட்டும் ஏரேஷன் தொட்டி, கிளாரிஃபயர், குளோரின் தொட்டி என்று வரிசையாகப் போகும். எஸ்பிஆர் நிலையங்களில் காற்றூட்டலும் படிதலும் ஒரே தொட்டியில் முறைவைத்து நடக்கின்றன. அங்கும் கசடின் குணம் இதுவேதான்.

இந்த முறையை 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் செய்து காட்டினார்கள். காற்றூட்டிய கழிவுநீரில் படிந்த கசடைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய கழிவுநீரை விட்டு மறுபடி காற்றூட்டினார்கள். வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பாலுக்கு உறை ஊற்றுவது போன்ற வேலைதான் இது. கிளாரிஃபயரின் அடியிலிருந்து ஏரேஷன் தொட்டிக்குத் திரும்பும் கசடுதான் உறை. அது எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாள் வயது, எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் அறிந்தவருக்குப் பெரும்பாலான கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்

கோளாறு எதுவானாலும் ஆளைக் கிணற்றுக்குள்ளோ, மேன்ஹோலுக்குள்ளோ, காலி செய்த தொட்டிக்குள்ளோ இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டையாக நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு, அதாவது 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் ஆபத்து கூடியிருக்கும். 500 பிபிஎம்முக்கு மேல் போனால் மயங்கி விழ அதிக நேரம் ஆகாது. முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறப்பதுதான் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மூழ்கு பம்ப் அடைத்துக்கொண்டால் சங்கிலியால் மேலே தூக்கித்தான் சுத்தம் செய்ய வேண்டும். தூக்க வசதி இல்லாவிட்டால், அந்த வசதியைச் செய்து தரும்வரை பம்ப் நிற்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு லிட்டர் அளவு ஜாடி, டிஓ (நீரில் கரைந்த ஆக்சிஜன்) மீட்டர், பிஎச் மீட்டர், கிளாரிஃபயரின் அடியில் கசடு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க நீளமான கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாய், அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் கிட், நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரண நுண்ணோக்கி. இவற்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ஜாடியை வாங்குங்கள்.

ஜாடிச் சோதனையை ஏனோதானோ என்று செய்யக் கூடாது. ஏரேஷன் தொட்டியின் வெளியேறும் முனையில் மாதிரி எடுங்கள். எடுத்தவுடன் ஊற்றுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். 5 நிமிடத்தில் ஒரு முறை, 30 நிமிடத்தில் ஒரு முறை கசடின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜாடியைக் கழுவிவிடாமல் இன்னும் ஒன்றரை மணி நேரம் அங்கேயே விட்டுவையுங்கள். பெரும்பாலானவர்கள் 30 நிமிடத்தில் கொட்டிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் ஜாடி முக்கியமான ஒரு செய்தியைச் சொல்லும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். காற்றைக் கூட்டினால் பலன் ஒரு மணி நேரத்தில் தெரியும். கசடு வெளியேற்றத்தை, அதாவது மிகுந்த கசடை நிலையத்தைவிட்டு எடுக்கும் அளவை, மாற்றினால் இரண்டு, மூன்று கசடு வயது (கசடு உள்ளே சராசரியாகத் தங்கும் நாட்கள்) கழிந்த பிறகே முழுப் பலன் தெரியும். அதாவது வாரங்கள் ஆகும். அதனால் வெளியேற்றத்தை ஒரு நாளில் பத்து, பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

உள்ளே வரும் நீர் கறுத்து நாறுகிறது

எப்போதும் நாறுகிறதா, விட்டுவிட்டு நாறுகிறதா என்று பாருங்கள். நாள் முழுவதும் ஒரே மாதிரி நாறினால் நீர் வழியிலேயே கெட்டுப்போகிறது. நீண்ட பம்பிங் குழாய், சரிவு குறைந்த சாக்கடை, நிரம்பும்வரை பம்ப் ஓடாத வரவுக் கிணறு (உள்ளே வரும் நீர் முதலில் சேரும் கிணறு) ஆகியவையே காரணம். கோடையில் இது கூடும். பம்ப் ஓடத் தொடங்கும் மட்டத்தைக் கீழே இறக்கினால் நீர் கிணற்றில் தேங்கும் நேரம் குறையும். செலவில்லாத வேலை இது. இதை முதலில் செய்யுங்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கறுப்பு நீர் வந்தால் யாரோ கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். செப்டிக் டேங்க் லாரிகள் நிலையத்துக்கே வருவது நல்லது. ஏரியிலும் ஓடையிலும் கொட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்தக் கழிவு சாதாரணச் சாக்கடை நீரைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. வந்த லாரியை நேராக வரவுக் கிணற்றில் திறந்துவிடாமல் தனித் தொட்டியில் வாங்கி, வரத்து குறையும் நேரத்தில் சிறிது சிறிதாக விடுங்கள். சாய நிறமோ, பிஎச் 6-க்குக் கீழோ 9-க்கு மேலோ தெரிந்தால் அது வீட்டுக் கழிவே அல்ல. மாதிரியை மூடி, தேதியும் நேரமும் எழுதி ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு மேலதிகாரிக்குத் தெரிவியுங்கள். அந்த மாதிரி இல்லாமல் நாளைக்கு எந்த ஆலையையும் கேள்வி கேட்க முடியாது.

டிஓ ஏறவே மாட்டேன் என்கிறது

ஏரேஷன் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1.5 முதல் 2 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அது அரையைத் தாண்டவில்லை என்றால் முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள். முனையைத் துடைத்து, ஈரத்துடன் காற்றில் பிடியுங்கள். நீர் 30 டிகிரியில் இருக்கும் ஊரில் சுமார் 7.5 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு மீட்டரில்தான்.

அந்த 7.5 என்ற எண்ணை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 20 டிகிரி நீரில் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். நம் ஊர் நீரில் அவ்வளவு கரையாது. அதே வெப்பத்தில் நுண்ணுயிர்களின் பசியோ கூடுதலாக இருக்கும். குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் காற்று பற்றாமல் போகும்.

மீட்டர் சரியாக இருந்தால் காற்று ஊதும் எந்திரமான புளோயரின் அழுத்த மானியைப் பாருங்கள். ஐந்து மீட்டர் ஆழத் தொட்டியில் நீரைத் தள்ளவே சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தம் வேண்டும். குழாயும், தொட்டியின் அடியில் காற்றைக் குமிழிகளாகப் பிரித்துவிடும் டிஃப்யூசரும் அதற்கு மேல் கொஞ்சம் எடுக்கும். நிலையம் தொடங்கிய காலத்து அளவோடு ஒப்பிடுங்கள். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறியிருந்தால் டிஃப்யூசர் அடைத்துக்கொண்டிருக்கிறது. இறங்கியிருந்தால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெல்ட் நழுவுகிறது, அல்லது புளோயரின் காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கிறது. தொட்டியின் மேற்பரப்பில் ஓரிடத்தில் மட்டும் கொதிப்பதுபோல் பெருங்குமிழிகள் எழுந்தால் அதன் கீழே டிஃப்யூசரின் சவ்வு கிழிந்திருக்கிறது. நல்ல டிஃப்யூசரின் மேல் நீர் பொடிக் குமிழிகளுடன் சீராக நகரும்.

அழுத்தமும் சரி, குமிழியும் சரி, ஆனாலும் டிஓ ஏறவில்லை என்றால் சுமை கூடியிருக்கிறது. எம்எல்எஸ்எஸ்-ஐ, அதாவது ஒரு லிட்டர் தொட்டி நீரில் எத்தனை மில்லிகிராம் கசடு இருக்கிறது என்பதைப் பாருங்கள். அது 5000-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் வரும் உணவுக்காக மட்டுமல்ல, தேவையின்றி வைத்திருக்கும் கூட்டத்துக்காகவும் நீங்கள் காற்று ஊதிக்கொண்டிருக்கிறீர்கள். புதிய புளோயர் கேட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன் கசடைக் குறையுங்கள். இந்த ஒன்றில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: நான் அறிந்தவரை காற்றுப் பற்றாக்குறை என்று சொல்லப்படுவதில் பாதி, கசடை வெளியேற்றாமல் சேர்த்துவைத்ததன் விளைவு.

டிஓ திடீரென்று தானாக ஏறுகிறது

இதைப் பார்த்து யாரும் மகிழ வேண்டாம். புளோயர் அதேபோல் ஓடும்போது டிஓ 2-லிருந்து 5-க்குப் போனால், தொட்டியில் ஆக்சிஜனைத் தின்பவர்கள் தின்னாமல் இருக்கிறார்கள். வரத்து நின்றிருக்கலாம், மழைநீர் கலந்து உணவு நீர்த்திருக்கலாம், அல்லது நஞ்சு வந்திருக்கலாம்.

பிரித்துப் பார்க்க எளிய சோதனை உண்டு. தொட்டி நீரை ஒரு பாட்டிலில் பாதிவரை எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். இன்னொரு சிறு பாட்டிலை அதனால் விளிம்புவரை நிரப்பி, டிஓ மீட்டரைச் செருகி, நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு கொஞ்சம் புதிய சாக்கடை நீரைச் சேர்த்து மறுபடி செய்யுங்கள். உணவு கிடைத்ததும் வேகமாக இறங்கினால் நுண்ணுயிர்கள் பசித்திருந்தனவே தவிர நலமாகத்தான் இருக்கின்றன. உணவு கொடுத்தும் அசையவில்லை என்றால் நஞ்சு. நஞ்சு கலக்காத வீட்டுக் கழிவுநீரைச் சேர்த்தால் வேகமாக இறங்கி, இப்போது வரும் நீரைச் சேர்த்தால் மட்டும் மந்தமானால் நஞ்சு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நுண்ணோக்கியில் காம்புடன் நிற்கும் சிலியேட்டுகள் என்ற ஒற்றைச்செல் உயிர்கள் அசைவற்றுச் சிதைந்து கிடப்பதும் இதை உறுதிப்படுத்தும்.

நஞ்சு என்று தெரிந்தால் கசடு வெளியேற்றத்தை உடனே நிறுத்துங்கள். பிழைத்திருப்பதைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு வரிசைத் தொட்டிகள் இருந்தால் வரும் நீரை ஒன்றுக்கு மட்டும் திருப்பி மற்றதைத் தப்பவையுங்கள். காற்றை நிறுத்தாதீர்கள். முழுக் கூட்டமும் போய்விட்டால் பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து நல்ல கசடை லாரியில் கொண்டுவந்து ஊற்றுவதே விரைவான வழி.

ஏரேஷன் தொட்டியில் நுரை

நிறத்தைப் பாருங்கள். வெண்ணிறமாக, இலேசாக, காற்றில் பறக்கும் நுரை என்றால் கசடு இளசு, எண்ணிக்கை குறைவு. நிலையம் புதிதாகத் தொடங்கும் நாட்களில் இது இயல்பு. வெளியேற்றத்தைக் குறைத்து எம்எல்எஸ்எஸ் ஏறவிட்டால் தானாக அடங்கும்.

செம்பழுப்பு நிறத்தில், பிசுபிசுப்பாக, கையளவு தடித்து ஆடாமல் படுத்திருக்கும் நுரை வேறு கதை. அதில் நோகார்டியா, கார்டோனியா வகை இழை நுண்ணுயிர்கள் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் வயதான கசடும் இவற்றுக்குப் பிடித்தவை. ஓட்டல்களும் திருமண மண்டபங்களும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியைச் சுத்தம் செய்யாத பகுதியிலிருந்து வரும் நீரில் இவை செழிக்கும். இங்கே வெளியேற்றத்தைக் கூட்ட வேண்டும். வெண்ணுரைக்கு நேர் எதிர் மருந்து.

பழுப்பு நுரையில் பலரும் செய்வது, நீரைப் பீய்ச்சி உடைத்து உள்ளே அமிழ்த்துவது. அது மறைக்குமே தவிரத் தீர்க்காது. இந்த உயிர்கள் நுரையில்தான் குவிந்திருக்கின்றன; அமிழ்த்தினால் மறுபடி விதைத்ததாகிறது. வாரி எடுத்துத் தனியாக உலரவிடுங்கள். ஏரேஷன் தொட்டிக்கோ வரவுக் கிணற்றுக்கோ திருப்பி அனுப்பாதீர்கள். வாரும் தொழிலாளிக்கு முகக்கவசமும் கையுறையும் கொடுங்கள். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு நோகார்டியாவால் நுரையீரல் தொற்று வரக்கூடும்.

தொட்டி நீரே கறுத்துவிட்டிருந்தால் நுரையை மறந்துவிட்டுக் காற்றைப் பாருங்கள்.

30 நிமிடத்துக்குப் பிறகும் ஜாடி நிறையக் கசடு

இந்தத் தொழிலில் மிக அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான், ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஜாடியில் 30 நிமிடத்தில் 600 மில்லிலிட்டர் உயரத்துக்குக் கசடு நிற்கிறது. மிகுதியா, உப்பலா? எஸ்விஐ, அதாவது ஒரு கிராம் கசடு படிந்தபின் எத்தனை மில்லிலிட்டர் இடம் பிடிக்கிறது என்ற கணக்கு சொல்லிவிடும். கசடின் உயரத்தை ஆயிரத்தால் பெருக்கி எம்எல்எஸ்எஸ்-ஆல் வகுக்க வேண்டும். எம்எல்எஸ்எஸ் 6000 என்றால் எஸ்விஐ 100. கசடு நல்ல கசடு, அளவுதான் கூடிவிட்டது. எம்எல்எஸ்எஸ் 2400 என்றால் எஸ்விஐ 250. அளவு சரி; கசடு உப்பியிருக்கிறது. 80 முதல் 150 வரை இயல்பு, 200-ஐத் தாண்டினால் உப்பல்.

இரவில் ஆய்வகம் இல்லை, எம்எல்எஸ்எஸ் தெரியாது என்றால் வேறு வழி இருக்கிறது. அதே மாதிரியில் பாதி, கிளாரிஃபயரிலிருந்து வெளியேறும் தெளிந்த நீர் பாதி கலந்து இரண்டாவது ஜாடியில் ஊற்றுங்கள். முதல் ஜாடி 800-இல் நிற்கும்போது இரண்டாவது 200-க்கு விரைவாக இறங்கிவிட்டால் முதல் ஜாடியில் வெறும் நெரிசல், கசடு மிகுதி. நீர்த்த பிறகும் 400-க்குக் குறையாமல் அடம்பிடித்தால் இழைகளின் வேலை.

மிகுதி என்றால் வெளியேற்ற வேண்டும். எவ்வளவு? தொட்டி 2000 கன மீட்டர், எம்எல்எஸ்எஸ் 3000 என்று வையுங்கள். உள்ளே இருப்பது 6000 கிலோ. பத்து நாள் கசடு வயது வேண்டும் என்றால் தினம் 600 கிலோ போக வேண்டும். திரும்பும் கசடின் அடர்த்தி லிட்டருக்கு 8000 மில்லிகிராம், அதாவது கன மீட்டருக்கு 8 கிலோ என்றால், 75 கன மீட்டர். பம்ப் மணிக்கு 15 கன மீட்டர் தள்ளினால் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு ஷிஃப்டும் கரும்பலகையில் போட்டுப் பார்க்க வேண்டும். ‘வழக்கமாக ஒரு மணி நேரம் ஓட்டுவோம்’ என்பது கணக்கு ஆகாது.

உப்பல் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். இழை நுண்ணுயிர்களுக்கு மேற்பரப்பு அதிகம். மற்றவை மூச்சுத் திணறும் நிலையிலும் அவை தாக்குப்பிடிக்கும். ஆக்சிஜன் குறைவாக இருந்தால் ஸ்ஃபேரோடைலஸ், 1701 வகை தலைதூக்கும். காற்றைக் கூட்ட வேண்டும். வரும் நீர் அழுகி சல்ஃபைடு மிகுந்திருந்தால் தயோத்ரிக்ஸ், 021என் வகை. வரவுக் கிணற்றைக் கவனிக்க வேண்டும். பிஎச் 6.5-க்குக் கீழே போனால் பூஞ்சை. அமிலம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். உணவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாமல் போனாலும் உப்பும். பிஓடி (கழிவைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) நூறு பங்குக்கு நைட்ரஜன் ஐந்து, பாஸ்பரஸ் ஒன்று என்பது பழைய விதி. வீட்டுக் கழிவில் இந்தக் குறை வராது. பெரிய உணவு ஆலையின் நீர் கலக்கும் ஊரில் வரும்.

காரணத்தைச் சரிசெய்யும்வரை கசடு வழிந்து ஓடாமல் காக்க, திரும்பும் கசடில் குளோரின் கொடுக்கலாம். தொட்டியில் உள்ள 1000 கிலோ உயிர்க் கசடுக்கு நாளொன்றுக்கு 2 கிலோவில் தொடங்குங்கள். பத்துக்கு மேல் போகாதீர்கள். இழைகள் கசடுத் துகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் குளோரின் முதலில் அவற்றைத் தாக்கும். வெளியேறும் நீர் பால்போல் கலங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. காரணத்தைத் தேடாமல் குளோரினை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் மறுபடி வரும்.

உப்பலுக்கு எதிராகக் கசடை வேகமாக வெளியேற்றுவது பெரும் தீங்கு. உப்பிய கசடு அடியில் கெட்டிப்படாது; பம்ப் தள்ளுவது பெரும்பாலும் நீர். இருக்கும் நல்ல உயிர்களும் குறைந்து, இழைகளே மிஞ்சும்.

கிளாரிஃபயரில் கசடு கட்டிகட்டியாக மேலே மிதக்கிறது

அந்த ஜாடியைக் கொட்டாமல் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 30 நிமிடத்தில் நன்றாகப் படிந்த கசடு, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முழுப் பாளமாகப் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறதா? அதைக் குச்சியால் தட்டினால் சிறு குமிழிகள் வெளிவந்து மறுபடி அமிழ்கிறதா? அது நைட்ரஜன் வாயு. அமோனியா நைட்ரேட்டாக மாறி, கிளாரிஃபயரின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்தவுடன் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சும் நைட்ரஜன் கசடைத் தூக்குகிறது. கட்டிகள் பழுப்பாக, நாற்றமின்றி இருக்கும்.

குளிர்நாடுகளில் இது பெரும்பாலும் கோடைக்காலக் கோளாறு. நம் ஊர்களில் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால் மூன்று, நான்கு நாள் கசடு வயதிலேயே நைட்ரேட் உருவாகத் தொடங்கிவிடும். ஆகவே இங்கே இது எந்த மாதமும் வரலாம்.

கட்டிகள் கறுத்து, நாற்றத்துடன் இருந்தால் கசடு அடியில் தேங்கி அழுகியிருக்கிறது. சுரண்டும் கை நின்றிருக்கலாம், ரப்பர் பட்டை தேய்ந்திருக்கலாம், ஒரு மூலையை அது தொடாமலே இருக்கலாம்.

இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றே: திரும்பும் கசடின் வேகத்தைக் கூட்டி, அடியில் தங்கும் நேரத்தைக் குறைப்பது. தெளிந்த குழாயை அடிவரை இறக்கி எடுத்துப் பாருங்கள். கசடு ஒரு மீட்டருக்கு மேல் நிற்க விடாதீர்கள். பழுப்புக் கட்டிக்கு நிலையான தீர்வு, தொட்டியின் முகப்பில் காற்றில்லாத பகுதி ஒன்றை ஏற்படுத்தி நைட்ரேட்டை அங்கேயே தீர்த்துவிடுவது. ஒவ்வொரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனும் மாறுவதற்கு 7.14 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். காற்றில்லாப் பகுதி அதில் பாதியைத் திருப்பித் தரும். மென்னீர் கிடைக்கும் ஊர்களில் பிஎச் சரிவதற்குக் காரணம் தேடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

கசடு படிகிறது, ஆனால் மேல்நீர் கலங்கலாக இருக்கிறது

படியும் வேகத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் மடமடவென்று இறங்கி, மேலே பொடித் துகள்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தால் கசடு கிழடு. நுண்ணோக்கியில் ரோட்டிஃபர்களும் புழுக்களும் தெரியும். வெளியேற்றத்தைக் கூட்டுங்கள். மெதுவாக இறங்கி, இறகுபோல் இலேசான பெருந்துகள்கள் மேலே விடுபட்டால் கசடு இளசு. அமீபாக்களும் வேகமாக நீந்தும் சிற்றுயிர்களும் தெரியும். வெளியேற்றத்தைக் குறையுங்கள்.

மழையில் கசடு அடித்துக்கொண்டு போகிறது

வடகிழக்குப் பருவமழையில் வீடுகளின் மொட்டைமாடி நீர்கூடப் பாதாளச் சாக்கடையில்தான் வந்து விழுகிறது. வரத்து இரண்டு மூன்று மடங்காகும்போது கிளாரிஃபயர் தாங்காது. ஐப்பசிக்கு முன்பே எம்எல்எஸ்எஸ்-ஐ வழக்கமான அளவின் கீழ் எல்லைக்குக் கொண்டுவந்து வையுங்கள். மழை கொட்டும்போது, தொட்டியில் வசதி இருந்தால் உள்வரும் நீரை முகப்பில் விடாமல் கடைசிப் பகுதியில் விடுங்கள். கசடு முன்பகுதியில் பத்திரமாக இருக்கும், கிளாரிஃபயருக்குப் போகும் நீர் மெலிந்திருக்கும். திரும்பும் கசடைக் கண்மூடித்தனமாகக் கூட்டாதீர்கள். அதுவும் கிளாரிஃபயருக்குள் சுற்றிவரும் நீர்தான்.

குளோரினைக் கூட்டினாலும் எச்சம் காட்டவில்லை

நீர் தெளிவாக இருக்கிறது, நேற்றுவரை போதுமானதாக இருந்த அளவு இன்று போதவில்லை, இரட்டிப்பாக்கினாலும் 30 நிமிடத் தொடர்புக்குப் பின் நீரில் மிஞ்சும் குளோரின், அதாவது எச்சம், சுழியம். நைட்ரைட் பாருங்கள். அமோனியா பாதி வழியில் நைட்ரைட்டாக நின்றுவிட்டால், ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜன் ஐந்து மில்லிகிராம் குளோரினைத் தின்றுவிடும். குளோரின் உருளைகளை மாற்றிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. கோளாறு ஏரேஷன் தொட்டியில் இருக்கிறது: காற்று கொஞ்சம் குறைவு, அல்லது கசடு வயது போதவில்லை. இரண்டையும் சற்றுக் கூட்டி மாற்றத்தை முழுமையாக்குங்கள்.

நைட்ரைட் இல்லை, நீர் கலங்கல் என்றால் துகள்களே குளோரினை விழுங்குகின்றன. முந்தைய பகுதிக்குப் போங்கள்.

குளோரின் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அமோனியா நனைத்த பஞ்சைக் காட்டினால் வெண்புகை எழும். கசியும் உருளைமேல் நீர் ஊற்றாதீர்கள். அமிலம் உருவாகித் துளை பெரிதாகும்.

நீர் பளிங்காக இருக்கிறது, ஆய்வக அறிக்கையில் பிஓடி அதிகம்

நம் நாட்டில் பிஓடி சோதனை 27 டிகிரியில் மூன்று நாள். வெளியேறும் நீரில் நைட்ரேட் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் கொஞ்சம் அமோனியாவும் இருந்தால், அவை சோதனைப் பாட்டிலுக்குள்ளேயே வேலையைத் தொடர்ந்து ஆக்சிஜனைத் தின்னும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன். 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன 10 மில்லிகிராம் பிஓடி எல்லையை மீற இரண்டு, மூன்று மில்லிகிராம் அமோனியாவே போதும். அந்த நுண்ணுயிர்களைத் தடுக்கும் அல்லைல்தயோயூரியா சேர்த்து ஒரு பாட்டில், சேர்க்காமல் ஒரு பாட்டில் வைக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கரிமக் கழிவு நன்றாகவே நீங்கியிருக்கிறது. தீர்க்க வேண்டியது அமோனியாவை.

செரிப்பான் புளிக்கிறது

இது, சென்னையின் பெரிய நிலையங்களைப் போல, கசடைக் காற்றின்றிச் செரிக்கவைத்து வாயு எடுக்கும் செரிப்பானும் அந்த வாயுவில் ஓடும் என்ஜினும் உள்ளவர்களுக்கு மட்டும். பிஎச் குறைந்த பிறகு விழிப்பது மிகத் தாமதம். ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் முதலில் ஏறும், 0.3-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. அடுத்து வாயுவில் கார்பன் டை ஆக்சைடு கூடி, என்ஜின் திணறும். பிஎச் கடைசியில்தான் இறங்கும். புதிய கசடு ஊட்டுவதை நிறுத்தி அல்லது பாதியாக்கி, வெப்பமும் கலக்கலும் சீராக இருக்கிறதா என்று பார்த்து, விகிதம் இறங்கும்வரை பொறுத்திருங்கள்.

மின்சாரம் போய்த் திரும்பியபின் எதுவும் சரியில்லை

இரண்டு மணி நேரத் தடையைக் கசடு தாங்கும். அதற்கு மேல் போனால் தொடங்கும் வரிசை முக்கியம். முதலில் திரும்பும் கசடு பம்பை ஓட்டி, கிளாரிஃபயரின் அடியை இலகுவாக்குங்கள். அதன் பிறகே சுரண்டும் கையைத் தொடங்குங்கள். இறுகிய கசடுக்குள் அதை வலிந்து சுழற்றினால் கியர் உடையும். அடுத்து, காற்றுக் குழாய்களில் புகுந்த நீரை வடிகால் வால்வு வழியாக வெளியேற்றிவிட்டு, புளோயர்களை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். டிஓ ஒன்றைத் தொட்ட பிறகு வரவு பம்புகளில் ஒன்றை மட்டும் திறங்கள். கிணறு நிரம்பி வழியப்போகிறது என்ற பதற்றத்தில் எல்லாப் பம்புகளையும் ஒரே நேரத்தில் ஓட்டினால், தொட்டியில் படிந்து கிடக்கும் கசடு முழுவதும் கிளாரிஃபயரைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விடும். முதல் பம்ப் ஓடிய அரை மணி நேரம் கழித்து வெளியேறும் நீரைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் இரண்டாவதைத் திறக்கலாம்.